பட்டறையை ஏன் மறைத்தீர்கள், தம்பி?

தம்பி, போன வாரம் நீங்களும் அப்பாவும் வந்துவிட்டுப் போன பிறகு வேலை தேடுபவர்களும் ஆள் எடுப்பவர்களும் பார்க்கும் லிங்க்ட்இன் தளத்தில் உங்கள் பக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். பெயருக்குக் கீழே "பேஷனேட் இன்னோவேட்டர், ஃப்யூச்சர் லீடர்" என்று இருக்கிறது. 'அபவுட்' பகுதியில் நான்கு பத்தி, பிழையே இல்லாத ஆங்கிலம். படித்து முடித்தும் உங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தது என்று நீங்களே சொன்னீர்கள். அதில் தப்பில்லை. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் துணை வேண்டும், அது இப்போது செலவில்லாமல் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததற்கு முன்பு வழவழப்பான ஆங்கிலம் இருந்தாலே ஒரு பையன் தனியாகத் தெரிவான். இன்று எல்லோர் கையிலும் அதே ஆங்கிலம். உங்கள் வகுப்பில் பத்துப் பேர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஒருவருடையதை எடுத்து இன்னொருவருக்கு ஒட்டினாலும் வித்தியாசம் தெரியாது.

எழுந்து கிளம்பும்போது அப்பா ஒன்று சொன்னார்: "லீவு விட்டா நம்ம லேத் பட்டறையிலதாங்க நிப்பான், மெஷினை அவனே ஓட்டுவான்." நீங்கள் உடனே தலையைக் குனிந்துகொண்டீர்கள். கேட்டதற்கு, "பட்டறைன்னு போட்டா கேவலமா நினைப்பாங்க சார்" என்றீர்கள். அந்தப் பதில் எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது, தம்பி.

நான் விடாமல் கேட்டதால்தான் ஷாஃப்ட் கதை வெளியே வந்தது. பம்புக்குள் சுழலும் தண்டுதான் ஷாஃப்ட்; அதில் பேரிங் உட்காரும் இடம் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடினாலும் ஆர்டர் கொடுத்தவர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். காலையில் ஓட்டிய பீஸ் சரியாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் சைஸ் ஏறும். நீங்கள் பத்துப் பீஸுக்கு ஒருமுறை மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுதினீர்கள். உலோகத்தைச் சீவும் இன்சர்ட் முனை தேயத் தேய விட்டம் கூடுகிறது என்று பிடித்தீர்கள். இத்தனை பீஸுக்கு ஒருமுறை மெஷினில் ஆஃப்செட்டை, அதாவது வெட்டும் முனை நிற்கும் இடத்துக்கான அளவை, திருத்த வேண்டும் என்று சுவரில் தாள் ஒட்டினீர்கள். உற்பத்திப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர் ஒருவர் இதைப் படித்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார். உங்கள் பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் சொல்லாததை சாட்ஜிபிடி எப்படி எழுதும்?

அது செய்வது, முன்னால் வந்த சொற்களைப் பார்த்து அடுத்து எது வந்தால் பொருந்தும் என்று கணக்கிடுவது. விவரம் கொடுத்தால் விவரத்தோடு எழுதும். "மெக்கானிக்கல் மாணவன், நல்ல ப்ரொஃபைல் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், எல்லோரும் எழுதுவதையே உங்களுக்கும் எழுதும். இடைவெளி இருந்தால் அதுவாக நிரப்பியும் வைக்கும். உங்கள் பக்கத்தில் "உற்பத்தித் திறனை 30% உயர்த்தினேன்" என்று ஒரு வரி இருக்கிறதே, எந்த 30%? எப்படி அளந்தீர்கள்? இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான் வரும். இன்று இரவே அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

சரி, எப்படிச் செய்யலாம்? முதலில் ஷாஃப்ட் கதையை போன் ரெக்கார்டரில் தமிழில் பேசுங்கள், என்னிடம் சொன்ன மாதிரியே. அதை எழுத்தாக்கி ஏஐ-யிடம் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "நான் சொன்னதை மட்டும் வைத்து எளிய ஆங்கிலத்தில் எழுது. எண், பட்டம், சாதனை எதையும் நீயாகச் சேர்க்காதே. விவரம் போதாவிட்டால் முதலில் என்னைக் கேள்வி கேள்." அது கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பயன் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. வந்ததை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கில் வராத சொல்லை மாற்றுங்கள். நேரில் பேசும் ஆங்கிலமும் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலமும் வேறு வேறு ஆளுடையதாகத் தெரிந்தால், உண்மையாகச் செய்த வேலையையும் நம்ப மாட்டார்கள்.

தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், சி.என்.சி. டர்னிங் (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் வேலை), பம்ப் ஷாஃப்ட், டிராயிங் படிக்கத் தெரியும், இவ்வளவு போட்டால் போதும். ஆள் தேடுபவர்கள் இந்தச் சொற்களைத்தான் அடித்துத் தேடுவார்கள், 'இன்னோவேட்டர்' என்று யாரும் தேடுவதில்லை. பதிவு போடும்போது முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும், மீதி மடங்கிவிடும். அதனால் "மத்தியானம் ஆனால் ஷாஃப்ட் சைஸ் ஏன் ஏறுகிறது?" என்று நேராக விஷயத்தில் தொடங்குங்கள். மாதத்துக்கு இரண்டு பதிவு தாராளம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆர்டர் கொடுத்த கம்பெனியின் டிராயிங்கைப் படம் எடுத்து ஏஐ-யில் ஏற்றாதீர்கள், பதிவிலும் போடாதீர்கள். அது அவர்கள் சொத்து. அப்பா பல வருடமாகச் சேர்த்த பெயர் ஒரே படத்தில் போய்விடும். வேலையை விளக்க வேண்டுமானால் கம்பெனிப் பெயரும் அளவும் இல்லாமல் நீங்களே கையால் ஒரு படம் வரையுங்கள். அப்புறம், தானாகக் கமெண்ட் போடும், தானாக இணைப்புக் கோரிக்கை அனுப்பும் கருவிகள் பக்கமே போக வேண்டாம். லிங்க்ட்இன் விதிகளில் அதற்குத் தடை இருக்கிறது, கணக்கையே முடக்கலாம்.

அப்பாவிடமும் சொல்லுங்கள்: மகன் எந்நேரமும் ஏஐ-யோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று அவர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. புதுப் பதிவை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். "இப்படி நடக்கலையே" என்று அவர் சொல்லும் இடத்தையெல்லாம் திருத்துங்கள். அவரைவிட நல்ல எடிட்டர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். மெஷின் பக்கத்தில், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் மைக்ரோமீட்டரோடு அப்பாவை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கோட் சூட் போட்டு ஏஐ வரைந்த அந்தப் படத்தை எடுத்துவிட்டு இதை வைப்போம்.