பெய்ஜிங் அரண்மனை ஏன் நேர்கோட்டில் அமைந்திருக்கிறது?

'தடைசெய்யப்பட்ட நகரம்' என்பது மிங், சிங் வம்சப் பேரரசர்கள் 24 பேர் இருந்து ஆண்ட அரண்மனை வளாகம். 1406 முதல் 1420 வரை கட்டினார்கள். அதன் முக்கியக் கூடங்கள் எல்லாம் தெற்கு வடக்காக ஒரே கோட்டில் நிற்கும்.

காரணம், பேரரசர் தெற்கு பார்த்து அமர வேண்டும் என்ற சீன மரபு. வெயில் படும் திசை அது. வடக்கிலிருந்து வருவது குளிர்காற்று. அதைத் தடுப்பதுபோல, அரண்மனையைச் சுற்றி அகழி வெட்டிய மண் வடக்கே ஒரு குன்றாகவே நிற்கிறது!

சரி, நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். வந்தவர் கூடத்தில் உட்காருவார், படுக்கையறை வரை போகமாட்டார். இங்கும் அப்படித்தான்: தெற்குப் பகுதி அரசு விழாக்களுக்கு, வடக்குப் பகுதி குடும்பத்துக்கு. தெற்கில் உள்ள தைஹெ மண்டபம் மூன்றடுக்குப் பளிங்கு மேடைமேல் உயர்ந்து நிற்கும். அதன் கூரை விளிம்பைக் கட்டாயம் உற்றுப் பாருங்கள். பறவைமேல் அமர்ந்த ஒருவர், அவருக்குப் பின்னால் வரிசையாக 10 சிறு உருவங்கள். கட்டடத்தின் மதிப்பு கூடக்கூட இந்த எண்ணிக்கையும் கூடும்.

அப்புறம், இங்கே 9,999½ அறைகள் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். 1973 கணக்கெடுப்பில் வந்தது 8,707தான், அதுவும் நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட இடத்தை ஓர் அறையாக எண்ணி.