நாடகத்துக்கும் படத்துக்கும் ஒரே அளவுகோலா?

கேள்வி: புதுப்படத்தை விமர்சிப்பதுபோலவே நாடகத்தையும் விமர்சிக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வெளியான படம் பெரும்பாலும் மாறுவதில்லை. நாடகமோ ஒவ்வொரு மேடையேற்றத்திலும் புதிதாகப் பிறக்கிறது. ஆகவே, எந்த அரங்கில், எத்தனையாவது காட்சியைப் பார்த்தோம் என்று சொல்லாமல், அரங்கேற்றத்தன்று வசனம் தடுமாறிய நடிகரை ஒரேயடியாக ஒதுக்கி எழுதுவது அநியாயம். கடைசி வரிசைவரை குரல் எட்டியதா, விளக்கணைந்த இடைவெளியில் காட்சி மாற்றம் இழுத்துக்கொண்டே போனதா என்பவற்றை விமர்சகர் அவசியம் குறிப்பிட வேண்டும். 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் படைப்புகளில் நடிகரின் உடலும் குரலுமே முதன்மை. அவற்றுக்குக் கதைச்சுருக்கம் மட்டும் எழுதினால் பாதி நாடகம் விடுபட்டுப்போகும். படத்தில் இதே கவனத்தைப் படத்தொகுப்புக்கும் ஒலியமைப்புக்கும் கொடுக்கலாம்.