சோதனை நாளில் பத்தியம் எதற்கு?

புதுச்சேரி மருத்துவமனை ஒன்றின் இரைப்பை, குடல் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வயது 51. சின்னதாக டிபன் கடை வைத்திருக்கிறேன். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், ராத்திரியில் வறட்டு இருமல். மாத்திரைக்கும் முழுசாக அடங்கவில்லை. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது புதுச்சேரியில் 24 மணி நேர பிஹெச் (அமில அளவு) சோதனை எடுக்கச் சொல்கிறார் டாக்டர். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டுமாம். வலிக்குமா? கடையைத் திறக்கலாமா? அன்றைக்குக் கஞ்சி போதுமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கஞ்சி வேண்டாம் அம்மா. கடையையும் திறங்கள். குழாயை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களில் பலர் அன்று ஒரு நாள் மட்டும் பத்தியக்காரர் ஆகிவிடுவார்கள். இரண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சாதம், மீதி நேரமெல்லாம் நாற்காலி. குழாயோடு இணைத்து, அமில அளவைப் பதிவு செய்ய உடம்பில் மாட்டிவிடும் சின்னப் பெட்டியை மறுநாள் கழற்றிக் கணினியில் போட்டால் அமிலக் கோடு சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் வாழாத ஒரு நாளை அளந்து யாருக்கு என்ன பயன்? குனிந்து மாவு கரைக்கும்போது எரிகிறதா, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட ராத்திரியில் எரிகிறதா, அந்த மாதிரி நாள்தான் டாக்டருக்கு வேண்டும். காராமணிக்குப்பம் சந்தையில் வாங்கிய கருவாடு வீட்டில் இருந்தால் தாராளமாகக் குழம்பு வையுங்கள்.

வலி என்று சொல்ல முடியாது, உறுத்தல்தான். குழாயின் பருமன் 2 மில்லிமீட்டர் அளவு. மூக்கில் மரத்துப்போகிற ஜெல்லைத் தடவி, தண்ணீரை மடக்கு மடக்காக விழுங்கச் சொல்லிக்கொண்டே உள்ளே விடுவார்கள். தொண்டையைத் தாண்டும்போது குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். முகவாயை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு விழுங்கினால் சுலபமாக இறங்கும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதற்கு 5 செ.மீ. மேலே அமிலத்தை உணரும் முனை நிற்க வேண்டும். வால்வு எங்கே இருக்கிறது என்று பார்க்க, முதலில் மானோமெட்ரி என்று இன்னொரு குழாயை விட்டு எடுத்துவிடுவார்கள். இரண்டு தடவை குழாயா என்று மிரள வேண்டாம். இதற்கெல்லாம் மயக்க மருந்து கிடையாது, நீங்களே பஸ் ஏறித் திரும்பிவிடலாம்.

மூக்குத்தியை முதல் நாளே வீட்டில் கழற்றிவிடுங்கள். எந்தப் பக்க மூக்கு தாராளமோ அதில்தான் குழாய் போகும். திருகாணி இறுகிப்போய்க் கிடந்தால் காலை ஏழு மணிக்கு ஆசாரியை எங்கே தேடுவது? முகத்துக்கு மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். எண்ணெய்ப்பசை இருந்தால், நம் ஊர் வேர்வையும் சேர்ந்து, மத்தியானத்துக்குள் பிளாஸ்திரி தொங்கும். தலை வழியாகக் கழற்றும் நைட்டி கூடாது, முன்பக்கம் திறக்கும் உடை போடுங்கள். பெட்டி நனையக் கூடாது என்பதால் அன்றைக்குக் குளியலும் கிடையாது. அதனால் கிளம்பும் முன்பே குளித்துவிடுங்கள்.

இனி மாத்திரை. பான்டோபிரசோல், ரேபிபிரசோல், எசோமெபிரசோல் போன்ற மாத்திரைகளைப் பொதுவாக 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மருந்தோடு சோதிக்க வேண்டியவர்களும் உண்டு, ஆகவே டாக்டர் சீட்டில் எழுதியதுதான் கணக்கு. பிசகு நடப்பது எங்கே தெரியுமா? ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் வீட்டில் பல இருக்கும். பான்-டி என்றால் உள்ளே பான்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்தே இருக்கும். மூட்டு வலி மாத்திரையோடு மெடிக்கல் ஷாப்பில் கொடுத்ததும் இதே ரகமாக இருக்கலாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஜெலுசில், ஈனோ எதுவரை குடிக்கலாம் என்றும் கேளுங்கள், பெரும்பாலும் முதல் நாளோடு சரி. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. குழாய் விடும் முன் ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்பார்கள், சர்க்கரைக்காரர் அன்றைய மருந்தளவைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

மாத்திரை இல்லாத அந்த வாரம் கொஞ்சம் படுத்தும். நிறுத்தியதும் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கும். ராச்சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள், தலைமாட்டுக் கட்டில் காலுக்கு அரை அடி உயரம் கொடுங்கள், இடப்பக்கமாகப் படுங்கள். ஆனால் குழாய் இருக்கும் ராத்திரி மட்டும் உயரத்தை எடுத்துவிட்டு, வழக்கமாகப் படுப்பது போலவே படுங்கள்.

பெட்டியில் பொத்தான்கள் இருக்கும்: சாப்பாட்டுக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று, எரிச்சல், இருமல் போன்ற தொந்தரவுகளுக்கு மற்றவை. சாப்பிட ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் அமுக்குங்கள். புளி, எலுமிச்சை, சோடா எல்லாமே அமிலம். மேலிருந்து இறங்குகிறதா, கீழிருந்து ஏறுகிறதா என்று அந்த முனைக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள் என்பதால், இவற்றைச் சாப்பாட்டோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் உட்கார்ந்து லெமன் சோடாவை ஒரு மணி நேரம் உறிஞ்ச வேண்டாம். வெற்றிலை பாக்கும் அன்றைக்கு வேண்டாம். மெல்லும்போது உமிழ்நீர் ஊறி, அமிலத்தைத் தணித்துவிடும்.

நோட்டில் நேரம் எழுதச் சொல்வார்கள். பெட்டியில் காட்டும் நேரத்தையே எழுதுங்கள், கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நம் வீடுகளில் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்போம், இல்லையா? ஆனால் அமிலம் ஏறி 2 நிமிடத்துக்குள் எரிச்சல் வந்ததா என்றுதான் டாக்டர் பொருத்திப் பார்ப்பார். பத்து நிமிடம் தள்ளிப்போனால் அந்த இருமலுக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு வரும்.

முடிவைப் படிக்கும் விதம்: பிஹெச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அது 4-க்குக் கீழே இருந்த நேரம் மொத்தத்தில் 4 சதவீதத்துக்குள், அதாவது சுமார் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் இயல்பு. 6 சதவீதத்தைத் தாண்டினால் எதுக்களிப்பு நோய்தான். இடையில் நின்றால் மற்ற தடயங்களையும் பார்ப்பார்கள்.

கேள்வி: குழாய் இல்லாமல் கேப்ஸ்யூல் வைத்தே பார்க்கலாம் என்கிறார்களே?
— வாசகர், வில்லியனூர்

பதில்: பார்க்கலாம். எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். 48 முதல் 96 மணி நேரம் வரை பதிவாகும். சில நாளில் தானே விழுந்து மலத்தோடு போய்விடும். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கலாம், மூக்கிலும் ஒன்றும் தெரியாது. ஆனால் செலவு கூடுதல், எல்லா ஊரிலும் கிடைக்காது, அமிலமில்லாத எதுக்களிப்பு இதில் தெரியாது. 30 நாளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சோதனை நார்மல். ஆனாலும் எரிகிறது. மனப்பிரமை என்கிறார் என் வீட்டுக்காரர்.
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பிரமை இல்லை. சிலருக்கு உணவுக்குழாய் நரம்புகள் கூர்மையாகிவிடும். எல்லோருக்கும் சாதாரணமாக ஏறும் துளி அமிலமே அவர்களுக்கு நெருப்பாகத் தெரியும். அமிலம் ஏறாமலே எரிவதும் உண்டு. இதற்கும் பெயர் இருக்கிறது, குறைந்த அளவில் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்துகளும் இருக்கின்றன. அமில மாத்திரையை நீங்களாகக் கூட்டிக்கொண்டே போகாமல், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பப் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரே கேட்டுக்கொள்ளட்டும்.