கேள்வி பதில்: மூளைக்குள்ள விஷம் எப்படிப் போகுது?

கேள்வி: சார், மூளைய சுத்தி ஒரு தடுப்புச் சுவர் இருக்கு, ரத்தத்துல வர்ற கண்டது கழியது எதுவும் உள்ள போகாதுன்னு காலேஜ்ல படிச்சோம். அப்புறம் ஈயமும் பாதரசமும் மட்டும் எப்படி உள்ள போய் உக்காந்துக்குது?

பதில்: சுவர்னு பேர் வெச்சதாலதான் இந்தக் குழப்பமே. மூளைக்குப் போற நுண் ரத்தக்குழாய்ங்க இருக்கில்ல, அதோட செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இடுக்கே இல்லாம இறுக்கி ஒட்டிக்கிட்டு நிக்குது, அதத்தான் தடுப்புன்னு சொல்றோம். ஆனா மூளையும் சாப்பிடணுமே, அதனால சர்க்கரைக்கு ஒரு கதவு, அமினோ அமிலத்துக்கு ஒரு கதவுன்னு ஆள் பாத்து உள்ள விடற ஏற்பாடு இருக்கு. மோசமான விஷங்கள் அந்தக் கதவ உடைக்கறதே இல்ல, வேஷம் கட்டிக்கிட்டு வருது. மீதைல் மெர்குரிங்கற பாதரச சேர்மம் ரத்தத்துல சிஸ்டீன்ங்கற அமினோ அமிலத்த புடிச்சு ஒட்டிக்கிட்டா, பாக்க மெத்தியோனின்ங்கற இன்னொரு அமினோ அமிலம் மாதிரி ஆயிடும், கதவும் நம்மாளுதானேன்னு திறந்து விட்டுடும். ஈயம் போடறது கால்சியம் வேஷம். நரம்பு செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பறதே கால்சியத்த நம்பித்தான், அந்த இடத்துல ஈயம் போய் உக்காந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

வேஷத்துல கில்லாடி இன்னொண்ணு இருக்கு. 1982ல கலிபோர்னியாவுல சில இளைஞர்கள், நாப்பது வயசுக்காரர் ஒருத்தரும் இருந்தார், திடீர்னு சிலையாட்டம் உறைஞ்சு போய் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, நடக்க முடியல, பேச முடியல, உடம்பு நடுங்கி இறுகிப்போற பார்கின்சன் நோய் முத்திப்போன மாதிரியே இருந்துச்சு. வில்லியம் லாங்ஸ்டன்ங்கற நரம்பியல் டாக்டர் துருவிப் பாத்ததுல எல்லாரும் தெருவுல வித்த போலி ஹெராயின் ஊசி போட்டுக்கிட்டவங்கன்னு தெரிஞ்சுது, அத தயாரிக்கறப்ப தப்பா உருவான எம்பிடிபி-ன்னு ஒரு பொருள் அதுல கலந்திருந்துச்சு. இதுல கூத்து என்னன்னா அந்த எம்பிடிபி தன்னளவுல ஒண்ணும் பண்ணாது. மூளைக்குள்ள போனதும் அங்க இருக்கிற ஒரு என்சைமே அத விஷமா மாத்திக் குடுக்கும், அந்த விஷம் டோபமைன்ங்கற, உடம்பு அசைவுக்கு வேண்டிய மூளை ரசாயனம் மாதிரி இருக்கறதால டோபமைன் செல்லுங்க மட்டும் அத தேடித் தேடி உள்ள இழுத்துக்கும், உள்ள போனதும் செல்லுக்கு சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியா படுத்துரும், கரண்ட் போன வீடு மாதிரி செல் செத்துரும். அந்தக் கொடுமையில இருந்து ஒரு நல்லதும் வந்துச்சு. எம்பிடிபி குடுத்த குரங்குகள வெச்சுத்தான் மூளையில எந்த இடத்த அடக்கினா உடம்பு இறுக்கம் குறையுதுன்னு 1990ல கண்டுபிடிச்சாங்க, இப்ப பார்கின்சனுக்கு மூளையில எலக்ட்ரோட் வெக்கற முக்கியமான இடம் அதேதான்.

கேள்வி: விஷம்னா உடனே வாந்தி மயக்கம்னு தெரிஞ்சுரும்ல? பல மாசம் கழிச்சு பாதிக்கும்ங்கறது சும்மா பயமுறுத்தறதுதானே?

பதில்: பயமுறுத்தல்லாம் இல்லங்க. 1996 ஆகஸ்ட் மாசம், அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரியில கேரன் வெட்டர்ஹான்னு ஒரு வேதியியல் பேராசிரியை. அவங்க ஆராய்ச்சியே உலோக விஷங்களப் பத்தினதுதான், இதுல ஆள் புதுசு கிடையாது. விதிப்படி கையுறை போட்டுக்கிட்டு, காத்த வெளிய இழுக்கற பெட்டிக்குள்ள கைய விட்டுத்தான் வேலை பாத்தாங்க. டைமீதைல் மெர்குரிங்கற பாதரச திரவம் ஓரிரு சொட்டு கையுறை மேல விழுந்துச்சு, அவ்வளவுதான். அந்த லேடெக்ஸ் கையுறைய அது சில நொடியிலயே ஊடுருவிரும்ங்கறது அப்ப யாருக்கும் தெரியாது, பின்னாடி சோதிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுது. அஞ்சு மாசம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. 1997 ஜனவரியில நடை தள்ளாட ஆரம்பிச்சு, பேச்சு குழறி, பார்வை சுருங்கி, கொஞ்ச வாரத்துல கோமா, ஜூன் மாசம் இறந்துட்டாங்க, வயசு 48.

எனக்கு இதுல மனசுல நிக்கறது அவங்க தலைமுடி. முடி மாசத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், வளர்ற அன்னிக்கு ரத்தத்துல என்ன இருக்கோ அது முடியில பதிஞ்சுரும், அதனால ஒரு நீளமான முடியத் துண்டு துண்டா சோதிச்சப்ப ஆகஸ்ட் சம்பவத்துக்கு அப்புறம் பாதரசம் ஒரே தூக்கா மேல ஏறினதும், பிறகு மெல்ல மெல்ல எறங்கினதும் டைரி மாதிரி அப்படியே இருந்துச்சு. அதாவது அவங்களுக்கு உடம்பு முடியாம போறப்ப அளவு ஏற்கனவே குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. இத மட்டும் யோசிச்சுப் பாருங்க. நானும் கொஞ்ச காலம் லேப்ல கை நனைச்சவன், இந்தக் கதைய கேட்டப்புறம் கையுறை டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம போட்டதே இல்ல.

கேள்வி: அளவுக்கு மீறினா அமிர்தமும் நஞ்சுங்கறாங்க. அப்போ அளவோட இருந்தா ஈயமும் ஒண்ணும் செய்யாதுதானே?

பதில்: கேள்வி சரி, ஆனா ஈயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. 1970கள்ல ஹெர்பர்ட் நீடில்மேன்னு ஒரு டாக்டர், ஒண்ணாவது ரெண்டாவது படிக்கற பசங்களோட விழுந்த பால் பல்ல சேகரிச்சாரு. ரத்தம் எடுத்தா கொஞ்ச நாளைக்கு முன்னாடி வரைக்கும் உள்ளதுதான் தெரியும், பல்லுல வருஷக்கணக்கா சேர்ந்த ஈயம் இருக்கும், அதான் ஐடியா. எந்தப் பையன் பல்லுல எவ்வளவு ஈயம்னு டீச்சருங்களுக்கே தெரியாது, ஆனா கவனம் சிதறுது, சொன்னத செய்ய மாட்டேங்கறான்னு அவங்க குறிச்சுக் குடுத்த பிள்ளைங்கள்ல ஈயம் கூடக் கூட புகாரும் கூடிக்கிட்டே போச்சு, ஐக்யூவும் கம்மி. பாக்கறதுக்கு ஒரு நோயும் இல்லாத பிள்ளைங்க இவங்க. 1979ல கட்டுரை வந்துச்சு, ஈயக் கம்பெனிங்க பக்கம் நின்ன ஆராய்ச்சியாளர்கள் மோசடின்னு புகார் குடுத்து மனுஷன அலைய விட்டாங்க, விசாரிச்சுப் பாத்தா மோசடி ஒண்ணும் இல்ல.

அதுக்கப்புறம் 2005ல பல நாட்டு ஆய்வுகள சேர்த்து 1,333 குழந்தைகள் கணக்க ஒண்ணா போட்டுப் பாத்தாங்க. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல ஈயம் 2.4 மைக்ரோகிராம்ல இருந்து 10 ஆகறப்ப ஐக்யூ 3.9 புள்ளி குறையுது, 10ல இருந்து 20 ஆகறப்ப 1.9 தான், 20ல இருந்து 30க்கு 1.1. முதல் கொஞ்சத்துலதான் அடி அதிகம், நம்ம மனக்கணக்குக்கு தலைகீழ். அதனாலதான் அமெரிக்காவுல கவலைப்பட வேண்டிய அளவுன்னு 1960கள்ல 60 இருந்தது எறங்கி எறங்கி 2021ல 3.5க்கு வந்து நிக்குது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு தெரியலன்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

கேள்வி: நரம்பு விஷத்த கோழிய வெச்சு சோதிப்பாங்களாமே, எலிக்கு என்ன பஞ்சம்?

பதில்: ஹாஹா, நிஜம்தான். 1930ல அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்தப்ப இஞ்சிச் சாறுங்கற பேர்ல சாராயம் மருந்தா வித்துச்சு, அரசாங்க சோதனைய ஏமாத்த அதுல டிஓசிபி-ன்னு ஒரு பாஸ்பரஸ் எண்ணெய கலந்துட்டாங்க. குடிச்சு பத்து நாள், ரெண்டு வாரம் கழிச்சு கால் விழ ஆரம்பிச்சுது, பாதத்த தூக்க முடியாம தரையில தப்பு தப்புன்னு அடிச்சு நடந்தாங்க, பல்லாயிரம் பேர். எலிக்கு குடுத்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும், கோழிக்கு குடுத்தாத்தான் மனுஷங்களுக்கு வந்த மாதிரியே கால் மடங்கும். அதான் இதே பாஸ்பரஸ் வகையில வர்ற பூச்சிமருந்துகளுக்கு கோழி சோதனை வந்துச்சு, ஒரு டோஸ் குடுத்துட்டு 21 நாள் நடைய பாத்துக்கிட்டே இருப்பாங்க. எம்பிடிபி-யும் இப்படித்தான், எலிங்க பெருசா அசரல, குரங்குதான் விழுந்துச்சு. எந்த மிருகத்துல பாக்கறோம்ங்கறதுலயே பாதி ஆராய்ச்சி இருக்கு.

கேள்வி: மூளைய கிளீன் பண்ண டீடாக்ஸ் ஜூஸ் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது.

கேள்வி: சரி ஜூஸ் வேணாம், நிஜ மருந்து குடுத்து ரத்தத்துல இருக்கிற ஈயத்த எடுத்துட்டா குழந்தை பழையபடி ஆயிடுமா?

பதில்: இதத்தான் 780 சின்னக் குழந்தைங்கள வெச்சு அமெரிக்காவுல சோதிச்சாங்க, 2001ல முடிவு வந்துச்சு. பாதிப் பேருக்கு சக்சிமர்ங்கற மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மருந்து குடுத்தவங்க ரத்தத்துல ஈயம் நல்லாவே குறைஞ்சுது, ஆனா அறிவுத்திறன் சோதனையில ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்ல. ஈயம் ரொம்ப ஏறிப்போன குழந்தைக்கு உயிர காப்பாத்த அந்த மருந்து வேணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, டாக்டர் சொன்னா குடுத்துருங்க. ஆனா விட்டுப்போன வளர்ச்சிய அது திருப்பித் தராது. இன்னொண்ணு, ஈயம் அதிகமா சேர்ற இடம் எலும்பு, பத்து இருபது வருஷம் கூட அங்கயே கிடக்கும், ரத்தத்துல குறைஞ்சதும் எலும்புல இருந்து கொஞ்சம் கொஞ்சமா திரும்ப எறங்கும். ஒரு பெண் கர்ப்பமா இருக்கறப்ப வயித்துல இருக்கிற குழந்தைக்காக எலும்பு கால்சியத்த அவுத்து விடும்ல, அப்ப அவங்க சின்ன வயசுல சேர்த்த ஈயமும் கூடவே கிளம்பி வருது.