கை தடுமாறினால் அறிவும் குறைவா?

கேள்வி: எங்கள் 7 வயது மகனுக்குப் பெருமூளை வாதம். பேச்சு வரவில்லை, கைகள் தாமாகவே அசைகின்றன. கட்டைகளை அடுக்கவும் படத்துண்டுகளைப் பொருத்தவும் சொல்லிச் சோதித்துவிட்டு, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பேசுவது அவனுக்குப் புரிகிறது என்றே தோன்றுகிறது. அந்த அறிக்கையை நம்பலாமா?

பதில்: அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கட்டை அடுக்கும் சோதனையில் நேரமும் விரல்களின் துல்லியமும் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதால், உங்கள் மகனிடம் அது பெரும்பாலும் கையைத்தான் அளந்திருக்கும். தன்னிச்சையான அசைவுகள் மிகுந்த வகைப் பெருமூளை வாதத்தில், உடலியக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்டும் அறிவுத்திறன் நன்றாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. அதற்காகப் பெற்றோரின் கணிப்பையே முடிவாகக் கொள்ளவும் முடியாது. சொற்கள் புரியாமலே குரலையும் அன்றாட வழக்கத்தையும் வைத்துப் பிள்ளைகள் சரியாக நடந்துகொள்வதுண்டு.

மறுமதிப்பீடு கேளுங்கள். அதில் முதல் வேலை, அவன் பதில் சொல்லும் வழியை உறுதிசெய்வது. பார்வையாலோ தலையசைப்பாலோ அவன் காட்டும் ஆம், இல்லை என்பது நிலையானதா என்று, விடை ஐயமற்றுத் தெரிந்த எளிய கேள்விகளால் பார்க்க வேண்டும். அது உறுதிப்படாமல் எடுக்கும் எந்த மதிப்பெண்ணுக்கும் பொருளில்லை. அதன் பிறகு, பொருள்களைக் கையாள வேண்டாத சோதனைகளைத் தேர்ந்தெடுக்கலாம். ரேவனின் வண்ண மேட்ரிக்ஸ் சோதனையில் 36 வடிவங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் விடுபட்ட பகுதியை ஆறு விடைகளிலிருந்து தெரிவு செய்தால் போதும், அவசரப்படுத்த வேண்டியதில்லை. விடைகள் நெருக்கமாக அச்சாகியிருப்பதால், அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தோ, உளவியலாளர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியோ கேட்கலாம். சரியான விடையைத் தொடும்போது அவருடைய விரல் சற்றுத் தயங்கினாலும் அதுவே குறிப்பாகிவிடும்; அருகில் அமரும் அம்மாவின் முகமும் அப்படித்தான். ஆறு விடைகளை இரண்டாகக் குறைத்தால் ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு ஆறில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றாக உயர்வதால், வழக்கமான மதிப்பெண் அட்டவணை பொருந்தாது. செய்த மாற்றங்களையெல்லாம் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

பார்வையை மறக்க வேண்டாம். கண் நன்றாக இருந்தும், கண்டதை மூளை பகுத்துணர்வதில் சிக்கல் இருப்பது இப்பிள்ளைகளிடம் அரிதல்ல. அத்தகைய குழந்தை வடிவச் சோதனையில் பின்தங்கினால் பகுத்தறியும் ஆற்றலே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கேட்ட சொல்லுக்குரிய படத்தைத் தெரிவு செய்யும் மொழிச் சோதனையையும் சேர்த்தே நடத்த வேண்டும். உடலைத் தாங்கும் இருக்கையில் அமர்த்தி, களைப்பதற்குள் நிறுத்தி, வேறு நாளில் தொடரலாம்.

கேள்வி: கண்ணசைவைப் பதிவுசெய்யும் கணினி இருந்தால் சிக்கல் தீருமா?

பதில்: ஓரளவுக்கு. ஆனால் விடைகளை நோட்டமிடும் பார்வையையும் தேர்ந்தெடுக்கும் பார்வையையும் கருவி தானாகப் பிரித்தறியாது. பளிச்சென்ற படத்தில் கண் நின்றாலே அதை விடையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே முதலில் விளையாட்டுகளில் பழக்கி, பிறகு சோதனைக்கு வைக்க வேண்டும்.