மாடியில் வகுப்பு, எழுதினால் கை சோர்வு: ஒன்பதாம் வகுப்பு மகனுக்கு

வணக்கம் சகோதரி. தசைச்சிதைவு உள்ள மகனை நண்பர்கள் மாடி வகுப்புக்குத் தூக்கிப்போகிறார்கள், எழுதினால் கை சோர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தத் தூக்கலை நிறுத்துங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டுக்கு ஆபத்து. வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றும்படி தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பள்ளி செய்ய வேண்டிய கடமைகளைச் சொல்லும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள்.

மேசை, முழங்கை ஊன்றும் உயரத்தில் இருக்கட்டும். கரும்பலகைக் குறிப்புகளுக்கு ஜெராக்ஸ் போதும். ராத்திரி உட்கார வைத்து நோட்டை நிரப்ப வைக்காதீர்கள், பாவம். அப்புறம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்கலாம். பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம். மருத்துவச் சான்றை இப்போதே வாங்கிவிடுங்கள். சொல்லி எழுதவைக்கவும் பழக்கம் வேண்டும், இந்த வருடத் தேர்வுகளிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.