பல் மருத்துவம்: கேள்வி - பதில்
காதில் கோளாறில்லை, காதோரம் வலிக்கிறதே?

கேள்வி: எனக்கு 34 வயது. கணினியில் கணக்கு எழுதும் வேலை. இரண்டு மாதமாக வலது காதுக்கு முன்னால் வலி, சாயங்காலம் அதிகமாகிறது. காது மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வாயைத் திறந்தால் 'டக்'கென்று சத்தம். மாமியார் சொன்னபடி காதில் எண்ணெய் விட்டும் குறையவில்லை. முறுக்கு தின்பதை விட்டால் சரியாகுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் நகரும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் முனைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ஒரு சிறு வட்டு உண்டு. அது சற்று முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது மறுபடி தன் இடத்தில் வந்து உட்காரும் சத்தம்தான் அந்த 'டக்'. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை.

முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங்கம், நல்லி எலும்பு எல்லாவற்றையும் இரண்டு மூன்று வாரம் தள்ளி வையுங்கள். கொய்யாவைக் கடிக்காமல் நறுக்கித் தின்னுங்கள். ஆனால் முறுக்கு தின்பது ஐந்து நிமிடம். கணினி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவது பல மணி நேரம். காலையில் எழும்போதே வலித்தால் தூக்கத்தில் கடிப்பதைச் சந்தேகிக்கலாம். உங்களுக்குச் சாயங்காலம் ஏறுகிறது என்பதால் பகல் பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே வேண்டியதில்லை. லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே கன்னத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் ஓய்வில்லாமல் இழுபடும். உதடு மூடியிருக்கட்டும், பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்; நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாகப் பட்டிருக்கட்டும். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல் சேர்ந்திருக்கிறதா என்று கவனித்து விலக்குங்கள். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் மாத்திரையைவிட இதையே நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்குவது, கன்னத்தில் கை ஊன்றுவது, குப்புறப் படுப்பது, நூலைப் பல்லால் அறுப்பது, பேனா மூடியைக் கடிப்பது இவையும் வேண்டாம். கொட்டாவி வந்தால் நாக்கை அண்ணத்தில் ஒட்டி, மோவாய்க்கு அடியில் முஷ்டியை முட்டுக் கொடுங்கள். வாய் அளவுக்கு மீறித் திறக்காது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை ஒத்தடம் கொடுக்கலாம். சத்தம் இன்னும் வருகிறதா என்று வாயை அகலத் திறந்து சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார். இணையத்தில் விற்கும் ரப்பர் கவசம் போடலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: மெத்தென்ற ரப்பரைச் சிலர் இன்னும் பலமாக மெல்லத் தொடங்கிவிடுவார்கள். முன்பல்லை மட்டும் மூடும் சின்னக் கவசம் அதைவிட மோசம். மாதக்கணக்கில் போட்டால் பின்பற்கள் மேலெழும்பிக் கடிமானமே மாறலாம். பல் மருத்துவரிடம் அளவு எடுத்து, ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும் கடினமான அக்ரிலிக் தகடு செய்துகொள்ளுங்கள். அது பல் தேயாமல் காக்கும். கடிக்கும் பழக்கத்தை நிறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாயங்காலத்துக்குமேல் காபி, மது, சிகரெட் கூடாது. செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகளாலும் பல் கடிப்பது வரலாம். எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பல வருடமாகப் பாக்கு போடுகிறார். இப்போது வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லை. காரம் பட்டால் எரிகிறது. தாடைப் பயிற்சி போதுமா?
- வாசகர், சேலம்

பதில்: போதாது. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் முன்பற்களுக்கு நடுவே நுழைய வேண்டும். நீங்கள் சொல்வது மூட்டு வலி மாதிரி இல்லை. பாக்கினால் கன்னத்தின் உள்தோல் நார் நாராக இறுகும் நோயாக இருக்கலாம். உள்கன்னம் வெளுத்து, தடவினால் பட்டை பட்டையாகத் தட்டுப்படும். இது வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை இன்றே நிறுத்தச் சொல்லி, இந்த வாரத்துக்குள் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் பலவந்தமாக வாயை இழுத்துத் திறக்காதீர்கள்.